விரலுக்கும் தந்திக்கும் இடையே
(கித்தார் வரலாற்றில் ஒரு சிறு பகுதி)

வீணையின் வரலாற்றையும் குழலின் வரலாற்றையும் எழுதிய ஆசிரியர் பலர். கருவி பிறந்த காலம், அதனைப் போற்றிய மன்னர், வாசித்துப் புகழ்பெற்ற வித்துவான்கள் ஆகியவற்றை அவர்கள் விரித்துரைப்பர். ஆயினும், கருவியை மடியில் ஏந்தும் பிள்ளைக்கு முதல் நாளே தெரிந்துவிடுகின்ற செய்தி ஒன்று நூல்களில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. தந்தி பலகையினின்று எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அதனை அழுத்துவதற்கு விரல் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதே அச்செய்தி. கித்தார் என்னும் கருவியை முன்னிட்டு அந்த உயரத்தின் வரலாற்றை இம்மலரில் ஒருவாறு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

கித்தாருக்கும் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் என்ன தொடர்பு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களில், கூடத்து மூலையில் உறையிட்ட வீணைக்கு அருகே இன்று ஒரு கித்தாரும் சாய்ந்து நிற்கக் காண்கிறோம். அதனைத் தொடங்குகின்ற பிள்ளைகள் பலர், தொடர்கின்றவர் சிலர். சில வாரங்களுக்குள் விரல்நுனி சிவந்து கன்றிப் போகிறது. கருவி அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. “இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது?” என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். பல வேளைகளில் அத்தீர்ப்பு அநீதியானது என்பது நம் கருத்து. மேட்டிமையான தந்தியை ஒரு மில்லிமீட்டர் தாழ்த்தியிருந்தால் அப்பிள்ளை இன்றும் வாசித்துக்கொண்டிருக்கும்.

வீணையின் உறுப்புகளுக்கு நம்மவர் வழங்கும் பெயர்களையே கித்தாருக்கும் கொள்வோம். தந்தியை உடலின் மேல் தாங்குவது குதிரை; கித்தாரில் குதிரையின் மேல் மெல்லிய எலும்புப் பட்டை ஒன்று பதிந்திருக்கும். தலைப்புறத்தில் தந்தி தங்கும் வரம்பு மேரு. இடையே கழுத்தின் மேல் குறுக்காகப் பதிந்த உலோகக் கம்பிகள் மெட்டுகள். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நட்ட நடுவில் அமைவது. அம்மெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிப்புறத்திற்கும் உள்ள இடைவெளியையே வினைஞர் உயரம் என அளப்பர். எஃகுத் தந்தி பூட்டிய கித்தாரில் தடித்த ஆறாம் தந்திக்கு ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டரும், மெல்லிய முதல் தந்திக்கு 1.6 அல்லது 1.8 மில்லிமீட்டரும் பொதுவான அளவு. மிகத் தாழ்ந்த அமைப்பு என்போர் ஆறாம் தந்தியை 1.6 மில்லிமீட்டருக்கும், முதல் தந்தியை 1.2 மில்லிமீட்டருக்கும் இறக்கிவிடுவர். வேறுபாடு ஓர் அஞ்சலட்டையின் கனத்தில் இரண்டு மூன்று மடங்குதான். விரலுக்கோ அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

அவ்வாறாயின் எல்லாக் கித்தார்களையும் தாழ்த்திவிடலாமே என்று தோன்றும். மீட்டப்பட்ட தந்தி நேர்க்கோடாக நிற்பதில்லை. நடுவில் அகன்றும் முனைகளில் ஒடுங்கியும் அதிர்கிறது. அந்த அதிர்வுக்கு இடம் வேண்டும். இடம் போதாவிடின் தந்தி முன்னுள்ள மெட்டுகளில் உரசிக் கரகரவென்று இரையும். ஆகலின், தந்தி தாழ வேண்டுமாயின் கழுத்து ஏறக்குறைய நேராகவும், மெட்டுகள் அனைத்தும் ஒரே மட்டமாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் அடைவதற்கு மேனாட்டுக் கம்மியர் பல நூற்றாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் வழங்கிய லூட் என்னும் கருவியிலும், அக்காலக் கித்தாரிலும் மெட்டுகள் உலோகத்தால் ஆனவை அல்ல. ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்பையே கழுத்தைச் சுற்றிக் கட்டி மெட்டாக வைத்தனர். வாசிக்கும் தந்தியும் அதே நரம்புதான். மெட்டு தேய்ந்தால் அவிழ்த்துப் புதிது கட்டலாம். உயரம் கூடினால் தடித்த நரம்பு, குறைந்தால் மெல்லிய நரம்பு. 1610-ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான லூட் பாட நூலொன்றில் புகழ்பெற்ற ஜான் டௌலண்டு, தலைப்புறத்து மெட்டுகள் தடித்தும் உடலை நோக்கி வரவர மெலிந்தும் இருக்க வேண்டுமென அளவு கூறிச் சென்றிருக்கிறார். கழுத்தைத் திருத்த இயலாத காலத்தில் மெட்டைக் கொண்டே உயரத்தைத் திருத்திக்கொண்ட நுட்பம் இது. நம் தஞ்சாவூர் வீணையில் மெழுகுப் படுகையில் இருபத்து நான்கு மெட்டுகளைப் பதித்து, வேண்டும்போது மெழுகை இளக்கி மீண்டும் பொருத்துகிறார்களன்றோ? அதுவும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது.

அக்காலத்தவர் ஈரத்திற்கு அஞ்சியதையும் சொல்ல வேண்டும். தாமஸ் மேஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 1676-இல் எழுதிய இசை நூலில், லூட்டைப் பகல் வேளையில் நாள்தோறும் பயன்படும் படுக்கையில் கம்பளிகளுக்கு இடையே கிடத்தி வைக்குமாறு அறிவுரை கூறுகின்றார். படித்தபோது நகைத்தோம். கொல்கத்தாவின் ஆடி மாதத்தில் நம் வீட்டுக் கருவிகள் படும் பாட்டை எண்ணியபின் அந்நகைப்பு அடங்கியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கித்தார் ஆறு ஒற்றைத் தந்திகளைப் பெற்றது. மெட்டுகளும் பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்டன. ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) இன்றைய செவ்வியல் கித்தாரின் வடிவத்தை வகுத்தவர். அவர் கருவிகளும் குடல் நரம்பு பூட்டியவையே. நரம்பின் இழுவிசை குறைவாதலால் கழுத்து வளையும் அச்சம் பெரிதில்லை. இரண்டாம் உலகப்போரில் குடல் நரம்பு அறுவை மருத்துவத்திற்குச் சென்றுவிட, 1940-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்தியைக் கொண்டுவந்தார். மென்மையில் அது நரம்பின் உடன்பிறப்பு. செவ்வியல் கித்தாரின் கதையை இவ்வளவில் நிறுத்திக்கொள்வோம். தந்தியின் உயரம் பெரும் சிக்கலானது எஃகு வந்தபிறகுதான்.

எஃகுத் தந்தி வந்தது ஓசையின் பொருட்டு. அமெரிக்க நாட்டில் பாஞ்சோவும் மாண்டலினும் முழங்கும் அரங்கில் நரம்புக் கித்தாரின் மெல்லோசை எடுபடவில்லை. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஹவாய்த் தீவினர் வாசித்த கித்தார் மக்களை மயக்கியது. எஃகுத் தந்திக்கு அங்கிருந்து நாடெங்கும் வரவேற்பு எழுந்தது. ஜெர்மனியிலிருந்து 1833-இல் குடியேறிய மார்ட்டின் என்பார் நிறுவிய பழம்பெரும் தொழிற்சாலை, 1922-ஆம் ஆண்டு அளவில்தான் தன் சாதாரணக் கித்தார்களில் ஒன்றை எஃகுத் தந்திக்கெனவே வலுப்படுத்தி விற்கத் தொடங்கியது. அதற்குமுன் ஏறத்தாழத் தொண்ணூறாண்டுக் காலம் நரம்புக்கென்றே கித்தார் செய்து பழகிய கைகள் அவை.

ஓசை பெருகியது; அதற்கு விலையும் இருந்தது. நைலான் பூட்டிய கித்தாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ எடையளவு இழுக்கின்றன. இன்று பெரும்பாலோர் பூட்டும் மெல்லிய எஃகுத் தந்திக் கோவையோ 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. நன்கு வளர்ந்த ஓர் ஆளை ஒரு மெல்லிய மரக்கழுத்தில் இரவும் பகலும் தொங்கவிடுவதற்கு ஒப்பானது அது. கழுத்து வில்லாக முன்வளையும். மேற்பலகை குதிரையின் அடியில் புடைக்கும். இரண்டும் சேர்ந்து தந்தியை உயர்த்திவிடும். கடையில் வாங்கியபோது இனிதாக இருந்த கருவி மூன்றாண்டில் முரடாகிவிடுவதன் காரணம் இதுவே.

இதற்கு மாற்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் பிறந்தது. அங்கிருந்த கிப்சன் தொழிற்சாலையில் பணிபுரிந்த தாடியஸ் மக்ஹியூ என்பவர் 1921-இல் விண்ணப்பித்து 1923-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. கழுத்தின் உள்ளே, மெட்டுப் பலகைக்கு அடியில், நீளவாட்டில் ஒரு குழி தோண்டி எஃகுக் கம்பி ஒன்றைச் செலுத்தினார். அதன் முனையில் ஒரு திருகு. திருகை இறுக்கினால் கம்பி, தந்திகளின் இழுவிசைக்கு எதிராகக் கழுத்தைப் பின்னோக்கி நிமிர்த்தும். தளர்த்தினால் கழுத்து முன்னோக்கிச் சற்றே குழியும். வெளியே நின்று பார்ப்போர்க்கு ஒன்றும் தெரியாது. இன்று கித்தாரின் தலைப்பகுதியில் சிறு மூடியொன்று திருகாணிகளுடன் காணப்படுமாயின் அதன் பின்னே மறைந்திருப்பது மக்ஹியூவின் வழித்தோன்றலே. கித்தார் வரலாற்றில் பெரிய கலைஞர் பெயர்களோடு சேர்த்து எண்ணத்தக்க பெயர் இவருடையது என்பது நம் துணிபு. ஏனெனில், மரத்தின் மனம்போனபடி இருந்த உயரம் மனிதன் கைக்கு வந்தது இவரால். எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டாரில்லை. மார்ட்டின் தொழிற்சாலையார் திருகில்லாத எஃகுச் சட்டத்தையே 1934 முதல் கழுத்தில் வைத்து வந்தனர். இடையே போர்க்காலத்தில் எஃகு கிடைக்காமல் கருங்காலிக் கட்டையை வைத்ததும் உண்டு. திருகு வைத்த கம்பிக்கு அவர்கள் மாறியது 1985-இல்!

கழுத்தை நேராக்க வழி பிறந்தும், தந்தியைத் தாழ்த்த விரும்பாத ஒரு சாராரும் இருந்தனர். கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் 1987-இல் மறையும் வரை வாசித்த ஃபிரெடி கிரீன் அவர்களுள் தலையாயவர். ஒலிபெருக்கியின் துணையின்றி, பித்தளைக் கருவிகள் நிறைந்த குழுவில் தம் கித்தாரின் தாளம் கேட்க வேண்டி, தந்திகளைப் பிறர் அழுத்த அஞ்சும் உயரத்தில் நிறுத்தியிருந்தார். உயர்ந்த தந்தியை ஓங்கி அடித்தாலும் மெட்டில் உரசாது. எனவே ஓசை மிகும். மறுபுறம், 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் மின்கித்தாரைக் கொண்டு ஒற்றைத் தந்தியில் சாகசம் புரிந்தார். ஓசையை மின்சாரம் தந்தபின் கை ஓங்க வேண்டியதில்லை, தந்தியும் தாழலாம். மின்கித்தாரின் எளிமையைக் கண்டு பழகிய விரல்கள் பிற்காலத்தில் மரக் கித்தாரிடமும் அதே எளிமையைக் கேட்டன. மரக் கித்தாரை மிகத் தாழ்த்தும் வேட்கை வளர்ந்தது இவ்வழியாகத்தான். 1974-இல் கலிபோர்னியாவில் தோன்றிய டெய்லர் தொழிற்சாலை, மெலிந்த கழுத்தையும் தாழ்ந்த தந்தியையும் தன் சிறப்பாகவே கொண்டு பெயர் பெற்றது.

இனி நம் நகரத்திற்கு வருவோம். கொல்கத்தாவில் கித்தார் என்றால் நெடுங்காலம் ஹவாய்க் கித்தார்தான். ஜோசப் கெகுகு என்னும் ஹவாய் இளைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய முறை அது. கருவியை மடியில் கிடத்தி, தந்தியின் மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிப்பர். ஹவாய்க் கலைஞர் டௌ மோவும் குடும்பத்தாரும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்நகரில் தங்கி வாசித்தனர். வங்காளியர் அதனைத் தம் இசையாகவே ஆக்கிக்கொண்டனர். கவி நஸ்ருலின் மைந்தர் காஜி அனிருத்தர் அதில் வல்லவர். சுனில் கங்குலி (எழுத்தாளர் சுனில் கங்கோபாத்யாயர் அல்லர்) அதனை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தார். பிரிஜ் பூஷண் காப்ரா 1967-ஆம் ஆண்டு வெளியான இசைத்தட்டொன்றில் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் இராகங்களை வாசித்துக் காட்டினார். அவர் மாணாக்கரான தேவாசிஷ் பட்டாசார்யா நம் நகரத்தவரே. நம் கோட்டுவாத்தியத்தை அறிந்தவர்க்கு இம்முறை புதுமையன்று.

ஹவாய் முறையில் தந்தி எவ்வளவு உயரமோ அவ்வளவு நன்று. எஃகுத் துண்டு மெட்டில் இடறக் கூடாதன்றோ? ஆகவே மேருவின் மேல் உயர்ந்த உலோக மேரு ஒன்றைப் பூட்டித் தந்திகளைத் தூக்கிவிடுவர். இங்ஙனம் தூக்கப்பட்ட பழங்கித்தார்கள் இந்நகரத்து வீடுகளிலும் பழம்பொருட் கடைகளிலும் பலவுண்டு. அண்டை வீட்டு வங்காளிப் பெரியவர் அன்புடன் கொடுத்ததையோ, மலிவாகக் கிடைத்ததையோ நம் பிள்ளை கையில் கொடுத்து, மெட்டில் அழுத்தி வாசிக்கச் சொல்கின்றோம். அக்கருவி அதற்கென அமைக்கப்பட்டதே அன்று. அழுத்த முயன்ற குழந்தை அழுததில் வியப்பில்லை. தலைப்புறத்தில் உலோக மேரு உள்ளதா என்று முதலில் பாருங்கள். அது பல வேளை மேல் வைத்த தொப்பியே, தந்தியைத் தளர்த்தினால் கழன்று வந்துவிடும். கழுத்தே சதுரமாகத் தடித்திருந்தால் அது ஹவாய் முறைக்கென்றே பிறந்தது. அதனை அம்முறையில் வாசிக்கவே கற்றுக்கொடுக்கலாம்.

மற்றக் கித்தார்களைத் தாழ்த்த விரும்புவோர் பெரும்பாலும் குதிரையின் எலும்புப் பட்டையைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்கத் தொடங்கிவிடுகின்றனர். எளிதாகக் கைக்கு வருவது அதுதான். ஆனால் முறைப்படி இறுதியில் செய்ய வேண்டுவது அது. முதலில் கழுத்தைக் காண வேண்டும். ஒரு தந்தியை முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் ஒருங்கே அழுத்தினால், அத்தந்தியே அளவுகோலாகிவிடும். ஏழாம் மெட்டின் மேல் எஞ்சும் இடைவெளி ஓர் அஞ்சலட்டைக் கனத்திற்கு மிகலாகாது; மிகத் தாழ்ந்த அமைப்பிற்கு அதிற் பாதி போதும். மிகுந்தால் உள்ளிருக்கும் கம்பியின் திருகைக் கால் சுற்றுக்கு மேற்படாமல் இறுக்கி, ஒருநாள் பொறுத்து, மீண்டும் பார்த்தல் வேண்டும். அடுத்து மேரு. மூன்றாம் மெட்டில் தந்தியை அழுத்தும்போது முதல் மெட்டின் மேல் மயிரிழை இடைவெளி தெரிந்தால் போதும். மலிவான கருவிகளில் இவ்விடத்துப் பள்ளங்கள் ஆழமின்றி விடப்படுகின்றன. தொடக்கநிலைப் பிள்ளைகள் பயிலும் சுரங்கள் அனைத்தும் முதல் மூன்று மெட்டுகளுக்குள் இருப்பதால், விரலை வதைப்பது பெரும்பாலும் இங்கேதான். குதிரையை எவ்வளவு தேய்த்தும் இது தீராது. மூன்றாவதாக மெட்டுகளின் மட்டம். குட்டையான நேர்விளிம்பை மும்மூன்று மெட்டுகளின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பர். உயர்ந்து நிற்பதை அராவி, மீண்டும் உருட்டுவர். இவ்வேலையைக் கணிப்பொறி கொண்டு அளந்து அராவும் இயந்திரம் ஒன்றை ஜெர்மனியின் பெர்லின் நகரத்தார் செய்துள்ளனர். கையால் செய்யும் நல்ல வினைஞர் நம் நாட்டிலும் உளர்.

இவையெல்லாம் முடிந்தபின்னரே எலும்புப் பட்டை. பன்னிரண்டாம் மெட்டு நடுவில் இருப்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் தாழ வேண்டுமாயின் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். பட்டை குதிரைக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது நிற்க வேண்டும். இல்லையேல் தந்தி குதிரையில் அழுந்தி இறங்கும் கோணம் குன்றி ஓசை சோரும். பட்டை தேய்ந்து தீர்ந்தும் தந்தி உயர்ந்தே நின்றால், கழுத்து உடலோடு சேரும் கோணமே மாறிவிட்டதென்று பொருள். அப்போது கழுத்தைக் கழற்றிப் பூட்ட வேண்டும். விலை குறைந்த கருவிக்கு அச்செலவு தகாது.

மிகத் தாழ்ந்த தந்தி எல்லோருக்கும் ஏற்றதோ எனின், அன்று. மென்மையாக மீட்டுவோர்க்கு அது வரம். ஓங்கி அடிப்போர்க்கு இரைச்சல். நம் தம்புராவில் ஜீவாளி நூலைச் செருகித் தந்தி குதிரையில் இலேசாக உரசி இரையும்படி நாமே செய்கிறோம். அங்கே அது நாதத்தின் உயிர். கித்தாரிலோ அதே உரசல் குற்றமாகிவிடுகிறது. கமகம் வேண்டுவோர்க்கும் இது சிந்திக்கத்தக்கது. கித்தாரின் மெட்டுப் பலகை குறுக்காகச் சற்றே வளைந்திருப்பதால், மிகத் தாழ்ந்த தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அது மேல்மெட்டில் முட்டி ஓசை அடைந்துவிடும். ஜான் மக்லாக்லின் என்னும் ஆங்கிலக் கித்தார் கலைஞர் 1970-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அப்பல்கலைக்கழகத்திலேயே பட்டம் பெற்ற அதே இராமநாதன்தாம். பின்னர்ச் சக்தி என்னும் குழுவில் எல். சங்கர், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் வாசிக்கையில், மக்லாக்லின் தமக்கென ஒரு கித்தாரை ஏபிரகாம் வெக்டர் என்னும் வினைஞரைக் கொண்டு செய்வித்தார். அதில் மெட்டுகளுக்கு இடையே பலகை குழிவாகச் செதுக்கப்பட்டது. மெட்டுகளைவிடப் பலகை தாழ்ந்திருந்தால் விரல் மரத்தில் உராயாமல் தந்தியைப் பற்றி இழுக்கும்; வீணையின் மெட்டுகள் உயர்ந்து நிற்பதன் பயனும் அதுவே. தம் பிள்ளை கித்தாரில் கர்நாடக இசை பயில வேண்டுமென விரும்பும் பெற்றோர், தந்தியை எல்லைவரை தாழ்த்தாமல் ஆறாம் தந்தியை 2 மில்லிமீட்டர் அளவில் நிறுத்துவது நன்று.

நம் நகரத்தின் பருவம் பற்றி ஒன்று. ஆனி முதல் புரட்டாசி வரை காற்றில் ஈரம் மிகுவதால் மேற்பலகை உப்பிக் குதிரையை உயர்த்தும்; தை மாதத்தில் காய்ந்து தாழும். மழைக்காலத்தில் பட்டையைத் தேய்த்துத் தந்தியைத் தாழ்த்தியவர், குளிர்காலத்தில் கருவி முழுதும் இரைவதைக் கண்டு திகைப்பர். ஆதலின் மிகத் தாழ்ந்த அமைப்பை விரும்புவோர் இரண்டு பட்டைகள் செய்து வைத்துக்கொள்வதுண்டு: மழைக்குத் தாழ்ந்தது ஒன்று, குளிருக்குச் சற்றே உயர்ந்தது ஒன்று. எலும்புத் துண்டுக்கு ஆகும் செலவு சிறிது. இரண்டின் அடியிலும் பென்சிலால் மாதத்தின் பெயரை எழுதிக் கித்தார் உறையின் பையில் இட்டுவைத்தல் வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.